பட்டறைப் பக்கம்: உளி பழகிய ஜெர்மன்காரர்

வாசகர் கேள்விகளுக்குப் பேட்டை மரப்பட்டறை அண்ணாச்சி பதில்

இந்த மாதம் நாற்காலியைப் பற்றியே நிறையக் கடிதம் வந்திருக்கிறது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தாயார் எழுதியதை முதலில் எடுத்துக்கொண்டேன். அதோடு ஒட்டி வருகிற கேள்விகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். கதவு நிலை, கரையான் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, எங்க மாமனார் ஆசாரி வேலை பார்த்தவர். நெஞ்சு முழுக்க மரத்தூளு, கடைசி வரைக்கும் இருமிக்கிட்டே இருந்தார். அதனால எங்க வீட்டுக்காரர் உளியைத் தொடக்கூடாதுன்னு சத்தியம் மாதிரி சொல்லிட்டாங்க. இப்ப எங்க மகன் பிளஸ் டூ. கிர்சிச்னு ஒரு ஜெர்மன்காரர் செஞ்ச நாற்காலிப் படங்களைப் போன்ல காட்டி, நானும் இந்த மாதிரி பர்னிச்சர் டிசைன் படிக்கப் போறேங்கான். லீவுல ஒரு பட்டறைக்குப் போய் வேலை பழகணுமாம். டிசைன்ங்கிறது கம்ப்யூட்டர் வேலைதானே, உளி எதுக்குன்னு அவங்க அப்பா சத்தம் போடுதாங்க. அந்த ஜெர்மன்காரர் யார்? அவர் வேலைக்கும் ஆசாரி வேலைக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: தங்கச்சி, உங்க மகன் காட்டுகிற ஆள் கான்ஸ்டன்டின் கிர்சிச். 1965-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் பிறந்தவர். உங்க வீட்டில் நடக்கிற வாக்குவாதத்துக்கான பதில் அவர் வாழ்க்கையின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. அவர் முதலில் படித்தது தச்சு வேலை. 1985-ல், இருபது வயதில், இங்கிலாந்துக்குப் போய் டோர்செட் பக்கம் ஜான் மேக்பீஸ் என்ற மரவேலைக் கலைஞர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். பார்ன்ஹாம் என்ற பழைய மாளிகையில் நடந்த பள்ளி அது. மரச்சாமான் செய்வதைக் கைவேலையாகவே கற்றுக்கொடுத்த இடம். அங்கே இரண்டு வருஷம். அதற்குப் பிறகுதான், 1988-ல், லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் கல்லூரிக்குப் போய் டிசைன் படித்தார். படிப்பு முடிந்ததும் ஜாஸ்பர் மாரிசன் என்ற ஆங்கிலேய டிசைனரிடம் கொஞ்ச காலம் உதவியாளர். 1991-ல் ஊர் திரும்பி மியூனிக்கில் சொந்த அலுவலகம் போட்டார். பிற்பாடு அதை பெர்லினுக்கு மாற்றிக்கொண்டார்.

இந்த வரிசையை உங்க வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டுங்க. முதலில் உளி, பிறகு கல்லூரி, பிறகு இன்னொருவரிடம் வேலை, அதற்கப்புறம்தான் சொந்தப் பெயர்.

சரி, தச்சு படித்தவர் காலமெல்லாம் மரத்திலேயே செய்தாரா என்றால், இல்லை. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த சாமான்களில் பெரும்பாலானவை அலுமினியமும் பிளாஸ்டிக்கும்தான். 1999-ல் ஃப்ளோஸ் என்கிற இத்தாலியக் கம்பெனிக்கு 'மேடே' என்று ஒரு விளக்கு செய்தார். அதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பார்வைக்குச் சாதாரண பிளாஸ்டிக் கூம்பு. மேலே ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியே கொக்கியும் கூட. ஆணியில் மாட்டலாம், கையில் தூக்கிக்கொண்டு போகலாம், தரையில் வைக்கலாம், வேலை முடிந்தால் ஒயரை அந்தக் கைப்பிடியிலேயே சுற்றி வைக்கலாம். பட்டறையில் இருட்டு மூலையில் வேலை பார்த்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். அலமாரிக்கு உள்ளே திருகு முடுக்கும்போது வெளிச்சம் எங்கே வேணும், ஒரு கை வேலையில் இருக்கும்போது விளக்கை எப்படிப் பிடிப்பது, ஒயர் காலில் தட்டாமல் எப்படி ஒதுக்குவது என்று எல்லாவற்றையும் யோசித்துச் செய்தது. 2001-ல் இத்தாலியின் பெரிய டிசைன் விருதான கொம்பாசோ தோரோ அந்த விளக்குக்குக் கிடைத்தது. வேலை செய்கிறவனுக்காகச் செய்த ஒரு கைவிளக்குக்கு அந்த விருதைக் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தருகிற செய்தி.

அப்புறம் 2004-ல் மாஜிஸ் என்கிற இத்தாலியக் கம்பெனிக்கு 'சேர் ஒன்' என்ற அலுமினிய நாற்காலி. உங்க மகன் காட்டுகிற படம் அதுவாகத்தான் இருக்கும். 2005-ல் பிளாங்க் கம்பெனிக்கு 'மியூரா' என்ற உயர ஸ்டூல். 2008-ல் அதே கம்பெனிக்கு 'மைட்டோ' நாற்காலி, அதற்கு 2011-ல் மறுபடியும் கொம்பாசோ தோரோ. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவர் சாமான்களை வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

உலோகமும் பிளாஸ்டிக்கும் செய்கிறவருக்கு அந்த இரண்டு வருஷத் தச்சு எதற்கு உதவியது என்று கேட்டால், என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எங்க அப்பா எனக்கு முதலில் உளியைக் கொடுக்கவில்லை. பலகையைக் கொடுத்து, நார் எந்தப் பக்கம் ஓடுது பாருன்னார். நாருக்கு எதிராக இழைத்தால் சிராய் எழும்பும். தேக்குக்குப் போடுகிற கழுந்தை, அதாவது துளைக்குள் செருகுகிற முளையை, அப்படியே வேம்புக்குப் போட்டால் பொருந்தாது. ஆடிக் காற்றில் காய்ந்த பலகை ஐப்பசி மழையில் ஊதும், அதற்கு இடம் விட்டு இணைக்கணும். எதைச் செய்தாலும், இந்தச் சரக்கு எதைத் தாங்கும், எங்கே உடையும், எப்படி வளையும் என்று முதலில் கேட்கிற பழக்கம் அங்கேதான் வருகிறது. அந்தப் பழக்கம் வந்தவன் நாளைக்கு அலுமினியத்தைக் கொடுத்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்பான். கிர்சிச்சின் அலுவலகத்தில் கம்ப்யூட்டரும் உண்டு, அட்டையும் கத்தரிக்கோலும் உண்டு. காகிதத்திலும் அட்டையிலும் முழு அளவுக்கு மாதிரி வெட்டி ஒட்டி, உட்கார்ந்து பார்த்துத் திருத்துவது அவர் வழக்கம். திரையில் அழகாகத் தெரிகிற முதுகுச் சாய்மானம் உட்கார்ந்தால் தோள்பட்டையில் இடிக்கும். அதைக் கண்டுபிடிக்க உடம்பு வேணும்.

உங்க வீட்டுக்காரர் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. மரத்தூள் நெஞ்சில் இறங்கும், உண்மை. ஆசாரிக்குக் கூலி குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு என்று இருந்த காலத்தில் அவர் வளர்ந்திருக்கிறார். அவங்க அப்பா இருமலைக் கேட்டுக்கிட்டே தூங்கின பிள்ளை அவர். அவர் சொல்வதைத் தள்ளிப்பேச எனக்கு மனசு வராது. ஆனால் இன்றைக்கு முகமூடி இருக்கிறது, தூளை உறிஞ்சுகிற மெஷின் இருக்கிறது. லீவில் கொஞ்ச நாள் பழகுவதால் பையன் ஆயுசுக்கும் பட்டறையிலேயே உட்கார்ந்துவிடப் போவதில்லை. அவன் கேட்கிற படிப்புக்கு அது அடித்தளம்.

படிப்புக்கு வழி இதுதான். அகமதாபாத்தில் தேசிய டிசைன் கழகம் இருக்கிறது. 1958-ல் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் நம் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-ல் ஆரம்பித்தது. அந்த அமெரிக்கத் தம்பதியே உலகம் அறிந்த நாற்காலி டிசைனர்கள். அவர்கள் இந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு மெச்சி எழுதிய பொருள் நம் சொம்பு. அந்தக் கழகத்தில் பர்னிச்சருக்குத் தனிப் பிரிவு உண்டு. அதற்கு டி.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். என்கிற டிசைன் பட்டம் படிக்க யூசீட் என்ற தேர்வு, மும்பை ஐ.ஐ.டி. நடத்துவது. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் எழுதலாம். இரண்டிலுமே கையால் வரைவதைச் சோதிப்பார்கள். பையனைத் தினமும் வீட்டுச் சாமான் எதையாவது பார்த்து வரையச் சொல்லுங்க. அம்மி, அரிவாள்மணை, தாத்தாவுடைய இழைப்புளி, எதுவானாலும் சரி. தாத்தாவின் ஆயுதப்பெட்டி வீட்டில் இருந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீங்க.

கேள்வி: 'சேர் ஒன்' படம் பார்த்தேன். வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. உட்கார்ந்தால் வலிக்காதா? நான் மெக்கானிக்கல் படிக்கிறேன், ஏன் இப்படிச் செய்தார்கள் என்று புரியவில்லை.
- ஒரு கல்லூரி மாணவர், வள்ளியூர்

பதில்: தம்பி, நீங்க மெக்கானிக்கல் என்பதால் செய்முறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த நாற்காலியின் உட்காரும் பகுதி டை காஸ்டிங். எஃகு அச்சுக்குள் உருகிய அலுமினியத்தைப் பெரிய அழுத்தத்தில் செலுத்தி வார்ப்பது. 660 டிகிரியில் உருகுகிற உலோகம் அச்சில் பட்டதும் சட்டென்று இறுகும். அதனால் எல்லா இடத்துக்கும் வேகமாக ஓடிச் சேரணும். ஒரு இடத்தில் கனமாகவும் இன்னொரு இடத்தில் மெல்லியதாகவும் விட்டால், கனத்த இடத்தில் உள்ளே பொத்தல் விழும். இறுகும்போது சுருங்குவதால் கோணல் வரும். முழுத் தகடாக ஒரு நாற்காலியை வார்க்கப் பார்த்தால் உலோகமும் அதிகம், சிக்கலும் அதிகம். கிர்சிச் தகட்டை விட்டுவிட்டு வெறும் சட்டங்களை வைத்துக்கொண்டார். சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகளைக் கோணம் கோணமாகச் சேர்த்து முப்பரிமாணக் கூடு கட்டினார். கால்பந்தில் தட்டைத் தோல் துண்டுகள் சேர்ந்து உருண்டை ஆவதைத்தான் இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். மாஜிஸ் கம்பெனியோடு சேர்ந்து அதை உற்பத்திக்குக் கொண்டுவர வருஷக்கணக்கில் ஆனது.

வலிக்குமா என்றால், மெத்தை போட்ட சுகம் இராது. ஆனால் சட்டங்கள் விழுகிற இடம் உடம்பு தாங்குகிற இடம். ஓட்டல் வாசல், பூங்கா, ரயில் நிலையம் மாதிரி கொஞ்ச நேரம் உட்காருகிற இடத்துக்குப் பொருந்தும். மழைத் தண்ணி தேங்காது, தூசி தங்காது. பொது இடங்களுக்கென்று கான்கிரீட் கூம்பு அடியோடும் அதே கூட்டைச் செய்கிறார்கள், யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. நம்ம ஊரில் சித்திரை வெயிலில் வெளியே போட்டால் உட்கார முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தடியிலோ தாழ்வாரத்திலோ போட வேண்டியது.

எனக்கு அந்த நாற்காலியைப் பார்த்ததும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் பிடித்தது. ஒரு சட்டத்தைக் கூட எடுத்துவிட முடியாது. ஒவ்வொன்றும் சுமை தாங்குகிறது, இல்லையென்றால் உலோகம் ஓடுகிற வழியாக இருக்கிறது.

கேள்வி: வயசு அறுபது தாண்டிட்டு. சின்ன வயசிலிருந்து நாற்காலி, ஊஞ்சல், தொட்டில் செய்தவன். இப்ப எல்லாம் மெஷின் வெட்டித் தருது. நூல் அளவு பார்த்து வேலை செய்த எங்களுக்கு இனி என்ன இருக்கு அண்ணாச்சி?
- ஒரு தச்சர், அம்பாசமுத்திரம்

பதில்: அண்ணே, உங்களை அண்ணாச்சி என்று நான்தான் கூப்பிடணும். உங்க கடிதம் என் மேஜையில் பல நாள் இருந்தது.

இத்தாலியில் ஊதினே என்ற ஊர்ப்பக்கம் மத்தியாட்சி என்று ஒரு மரவேலைக் கம்பெனி. அண்ணன் தம்பி இரண்டு பேர் 1979-ல் ஆரம்பித்தது. ரொம்ப காலம் மற்ற கம்பெனிகளுக்கு நாற்காலி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள், சொந்தப் பெயர் கிடையாது. பிறகு நல்ல டிசைனர்களைக் கூப்பிட்டுத் தங்கள் பெயரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். அங்கே கம்ப்யூட்டர் மெஷின் மரத்தைப் பல பக்கமும் திரும்பித் திரும்பிக் கடைகிறது. கிர்சிச் 2012-ல் அவர்களுக்கு 'மெடிச்சி' என்று ஒரு சாய்வு நாற்காலி செய்தார். அத்தனை மெஷின் கையில் இருந்தும் வளைவு நெளிவு எதற்கும் அவர் போகவில்லை. நேர்ப் பலகைகள். அவற்றைச் சாய்வாக நிறுத்தி ஒன்றோடொன்று பிணைத்த தாழ்வான நாற்காலி. பார்த்தால், மரம் தெரிந்த ஒரு ஆள் நல்ல பலகை நாலைந்தை எடுத்து யோசித்துச் செய்த மாதிரி இருக்கும். பலகைக்குப் பலகை அந்தக் கோணம்தான் அதில் எல்லாம். முன்பக்கம் எவ்வளவு தூக்கி, முதுகை எவ்வளவு சாய்த்தால் ஆள் வழுக்காமல், எழும்பும்போது தவிக்காமல் இருப்பார் என்கிற கணக்கு. மெஷினுக்கு அந்தக் கோணத்தை யாராவது சொல்லணும்.

நம்ம வீடுகளில் பட்டாசலில் போட்டிருந்த பிரம்புச் சாய்வு நாற்காலி உங்களுக்கு நல்லாத் தெரியும். கைப்பிடி நீண்டு, காலைத் தூக்கிப் போட்டுக்கொள்கிற மாதிரி. அந்தச் சாய்வு உங்க கையில் இருக்கிறது, எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் கெஞ்சிக் கேட்கிறேன், அதை எழுதி வையுங்க. எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையை வைத்து எழுதச் சொல்லுங்க. எந்த மரத்துக்கு எத்தனை நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்) கழுந்து, முதுகுக்கு எவ்வளவு சாய்வு, தொட்டில் சட்டத்தின் இடைவெளி எவ்வளவு, ஏன் அவ்வளவு. உங்க ஊருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே ஆறு மட்டும்தான். அங்கே ஒரு பையன் வேலை பழக ஆள் தேடுகிறான். உங்களுக்குச் சம்மதம் என்றால் பத்திரிகை ஆபீஸுக்கு ஒரு கார்டு போடுங்க, அவங்க வீட்டில் கேட்டுச் சேர்த்து வைக்கிறேன்.

கேள்வி: ஜெர்மன் டிசைனர் என்றால் டீட்டர் ராம்ஸ் என்றுதான் படித்திருக்கிறேன். அவர் ரேடியோ, கால்குலேட்டர் செய்தவர் இல்லையா? பர்னிச்சரும் செய்தாரா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: செய்தார். 1932-ல் வீஸ்பாடன் ஊரில் பிறந்த ராம்ஸுக்கும் தச்சு உண்டு. தாத்தா தச்சர். அவரும் கல்லூரிப் படிப்புக்கு நடுவே தச்சுப் பயிற்சி எடுத்துவிட்டு வந்துதான் படிப்பை முடித்தார். 1955-ல் பிரவுன் கம்பெனியில் சேர்ந்து 1995 வரை டிசைன் பார்த்தார். அதோடு கூடவே வீட்சோ கம்பெனிக்கு 1960-ல் '606' என்ற சுவர் அலமாரி. சுவரில் அலுமினியத் தண்டவாளம் அடித்து, ஊசி மாதிரி முளைகளைச் செருகி, தட்டுகளை வேண்டிய உயரத்தில் மாட்டுவது. வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம், புத்தகம் கூடினால் தட்டைக் கூட்டலாம். இன்றைக்கும் அதே அளவில் விற்கிறார்கள். அன்றைக்கு வாங்கினவர் இன்றைக்கு ஒரு தட்டு வாங்கினாலும் பொருந்தும். இந்த ஒரு குணத்துக்காகவே அவரை நான் கும்பிடுவேன்.

கேள்வி: டீக்கடை வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் சேர் வாங்கிக் கட்டுபடி ஆகவில்லை. கால் விரிந்து, முதுகு பிளந்து போகிறது. நீங்கள் பெரிய டிசைனர்கள் என்று எழுதுகிறவர்கள் பிளாஸ்டிக் நாற்காலி செய்திருக்கிறார்களா? அதில் என்ன விசேஷம்?
- ஒரு கடைக்காரர், மேலப்பாளையம்

பதில்: பாய், உங்க கடை சேருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஒரே அச்சில், ஒரே துண்டாக, மலிவாக வார்க்கிற நாற்காலியை 1972-ல் பிரான்சில் ஆன்ரி மசோனே என்பவர் கொண்டுவந்தார். ஒரு நாற்காலி வார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது என்ற நிலைக்கு அதைக் கொண்டுபோனார். அதன் வம்சம்தான் உலகம் முழுக்கக் கல்யாண மண்டபத்திலும் டீக்கடையிலும் இருப்பது.

கிர்சிச் இரண்டு விதமாக இதில் கை வைத்தார். 'மைட்டோ' நாற்காலிக்கு பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் ரசாயனக் கம்பெனியின் அல்ட்ராடூர் என்கிற பிளாஸ்டிக்கில் ஒரு புது ரகத்தை எடுத்துக்கொண்டார். உருகும்போது தண்ணி மாதிரி ஓடும், இறுகினால் பலமாக நிற்கும். அதனால் ஒரே அச்சில் கனத்த சட்டமும் மெல்லிய வலையும் சேர்ந்து வரும். அந்த நாற்காலிக்குப் பின்கால் கிடையாது. முன்காலிலிருந்து வளைந்து வருகிற சட்டமே ஆளைத் தாங்கும், உட்கார்ந்தால் லேசாக அசைந்து கொடுக்கும். பின்கால் இல்லாத நாற்காலியை 1927-லேயே ஸ்டுட்கார்ட் கண்காட்சியில் இரும்புக் குழாயில் செய்து காட்டியிருந்தார்கள், மார்ட் ஸ்டாம், மீஸ் வான் டெர் ரோ என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள். முழுக்கப் பிளாஸ்டிக்கில் வெர்னர் பேன்டன் என்ற டென்மார்க் டிசைனர் செய்தது 1967-ல் வந்தது. அந்த வரிசையில் அடுத்தது இது.

உங்களுக்கு நெருக்கமானது அடுத்ததுதான். 2020-ல் மாஜிஸுக்குச் செய்த 'பெல்' நாற்காலி. உங்க கடை நாற்காலியின் அதே ஜாதி, ஒரே துண்டு, பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். ஆனால் புதுச் சரக்கு போடாமல், அந்தக் கம்பெனியின் சொந்தத் தொழிற்சாலையில் மிஞ்சுகிற கழிவையும், கார் பாகம் செய்கிற இடங்களில் மிஞ்சுவதையும் மறுபடி உருக்கிச் செய்கிறார்கள். எடை 2.7 கிலோதான். சரக்கைக் குறைத்தும் அது நிற்பதற்குக் காரணம் உருவம். முதுகும் கைப்பிடியும் உட்காரும் தட்டும் தொடர்ந்து வளைந்து ஒரே ஓடாக வருகிறது. தட்டைப் பலகை சுளுவாக மடங்கும், வளைந்த ஓடு மடங்காது.

நீங்க அதை இத்தாலியிலிருந்து வாங்க வேண்டாம். இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்க. கடையில் சேரைக் கவிழ்த்துப் பாருங்க. உட்காரும் தட்டுக்கு அடியில் குறுக்கு நரம்புகள் இருக்கணும். காலும் தட்டும் சேருகிற மூலை கூராக இல்லாமல் உருண்டு இறங்கணும், பிளப்பு அந்தக் கூர் மூலையில்தான் தொடங்கும். கால் தட்டையாக இல்லாமல் மூலை மடித்த மாதிரி இருக்கணும். விலை ரொம்பக் குறைவு என்றால் சுண்ணாம்புப் பொடி அதிகம் கலந்திருக்கும், அது கனமாக இருக்கும், ஆனால் நொறுங்கும். வெயில் பட்டால் பாலிபுரொப்பிலீன் வெளுத்து, மாவு பூத்து, பலம் போய்விடும். கடை மூடியதும் அடுக்கி நிழலில் வையுங்க. தரை மேடு பள்ளமாக இருந்தால் மூன்று காலில் சுமை ஏறி அந்தக் கால்கள் முதலில் போகும், கொஞ்சம் சிமெண்ட் பூசிச் சமப்படுத்தினால் சேர் வாங்குகிற செலவு பாதியாகும்.

கேள்வி: எங்க வீட்டில் தலைமுறையாகப் பாய் நெய்கிறோம். பத்தமடைப் பாயை நாற்காலியில் போட்டுச் செய்யலாமா? அப்படி யாராவது செய்திருக்கிறார்களா?
- ஒரு நெசவாளர், பத்தமடை

பதில்: அம்மா, பட்டுப்பாயை நாற்காலியில் இழுத்துக் கட்ட வேண்டாம். நீங்க கோரையை அவ்வளவு மெல்லியதாகக் கிழித்து நெய்கிறீங்க. படுக்கிறவர் பாரத்தைத் தரை தாங்குகிறது, பாய் தாங்கவில்லை. நாற்காலிச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் பாரம் முழுக்கக் கோரையிலும் பாவு நூலிலும் விழும். சட்டத்தின் ஓரத்தில் மடங்குகிற இடத்தில் முதலில் ஒடியும். இழுத்துக் கட்டாமல் பலகையின் மேல் பதித்தால் நிற்கும். முதுகுச் சாய்மானப் பலகை, அலமாரிக் கதவு, கட்டில் தலைமாடு, இங்கெல்லாம் அருமையாக இருக்கும். சுற்றி மரச்சட்டம் போட்டு ஓரத்தை மறைத்துவிடணும்.

பாரம் தாங்கப் பிரம்பே சரி. ஜெர்மனியில் ஏகோன் ஐயர்மான் என்று ஒரு கட்டடக் கலைஞர், 1904-ல் பிறந்து 1970-ல் காலமானவர், கார்ல்ஸ்ரூவே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். போர் முடிந்து எல்லாம் இடிந்து கிடந்த காலத்தில் நாற்காலிகள் செய்தார். மடக்கு நாற்காலி ஒன்று இன்றைக்கும் விற்கிறது. அவரே பிரம்பில், உள்ளே இரும்போ மரமோ இல்லாமல், கூடை பின்னுகிறவர்கள் கையால் முழுக்க முழுக்கப் பின்னிய ஒரு நாற்காலியும் செய்தார். கூடைக்காரர் கைக்கு எந்த வளைவு வருமோ அந்த வளைவில்தான் நாற்காலி நிற்கிறது. உங்களிடம் யாராவது டிசைனர் வந்தால் இதைக் கேளுங்க: எங்க தறிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தீங்களா? உட்காராமல் வரைந்து கொண்டுவருகிறவருக்கு நெய்து கொடுக்காதீங்க.

கேள்வி: எங்கள் பள்ளிக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து புது மேஜை நாற்காலி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் பெஞ்சையும் ஒரே அளவில் செய்தால் செலவு குறையும் என்கிறார்கள். செய்யலாமா?
- ஓர் ஆசிரியை, சேரன்மகாதேவி

பதில்: டீச்சர், ஒரே அளவில் செய்ய வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்புப் பையனும் ஒரே உயரப் பெஞ்சில் உட்காருகிறார்கள். சின்னப் பிள்ளைக்குக் கால் தொங்கும், தொடை அடியில் ரத்த ஓட்டம் அமுங்கும், மேஜை நெஞ்சுக்கு வரும். பெரிய பையன் முதுகை வளைத்து எழுதுவான். அவன் அடங்கி உட்காரவில்லை என்று நாம் திட்டுகிறோம். ஐரோப்பாவில் பள்ளி நாற்காலிக்குப் பிள்ளைகளின் உயரத்தை வைத்துத் தனித்தனி அளவு வகுத்து வைத்திருக்கிறார்கள்.

கிர்சிச் 2012-ல் ஃப்ளோட்டோட்டோ என்ற ஜெர்மன் கம்பெனிக்குப் பள்ளி நாற்காலி ஒன்று செய்தார், பெயர் 'புரோ'. பிள்ளைகள் அசையாமல் உட்காரணும் என்ற எண்ணத்தையே அவர் விட்டுவிட்டார். உட்காரும் தட்டு வட்டம். அதனால் முன்னால் பார்த்தும், பக்கவாட்டில் திரும்பியும், சாய்மானத்தை முன்னால் வைத்துக் கால் இரண்டு பக்கமும் போட்டும் உட்காரலாம், எந்த ஓரமும் தொடையில் வெட்டாது. முதுகுச் சாய்மானம் மெல்லியதாக வளைந்து, சாய்ந்தால் கொடுக்கும். அளவு அளவாகவும் கிடைக்கிறது. பிள்ளைகள் நெளிவது உடம்பின் தேவை என்று ஒத்துக்கொண்டு செய்த நாற்காலி.

உங்களுக்கு மரத்திலேயே செய்யலாம். மூன்று உயரம் போதும். ஒவ்வொரு வகுப்பிலும் ரொம்பக் குட்டை, நடுத்தரம், ரொம்ப உயரம் என்று பிள்ளைகளைப் பொறுக்கி, செருப்பில்லாமல் நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து எழுதுங்க. அதுதான் உட்காரும் உயரம், ஒரு விரற்கடை குறைந்தாலும் பரவாயில்லை, கூடக்கூடாது. உட்கார்ந்தபடி கையை மடக்கினால் முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறதோ அதற்குச் சற்று மேலே மேஜை. நீளப் பெஞ்சை விடத் தனி நாற்காலி நல்லது, ஒருவர் எழும்ப நாலு பேர் நகர வேண்டாம். சட்டத்துக்கு வேம்பும் பூவரசும் தாராளமாகப் போதும், தேக்குக்குப் போகாதீங்க. மிச்சமாகிற பணத்தில் மூன்று அளவும் செய்து முடிக்கலாம். முன் ஓரத்தை மட்டும் நல்லா உருட்டி இழைக்கச் சொல்லுங்க. வகுப்பு வாரியாக அளவெடுத்து அனுப்பி வைத்தால், மூன்றுக்கும் வரைபடம் போட்டுத் தருகிறேன். வேலையை உங்க ஊர் ஆசாரிக்கே கொடுங்க.